பதினெட்டு அக்குரோணியும் விடுபட்ட ஓரெண்ணும்

பெரிய எண் எது, சிறிய எண் எது என்று சொல்வதற்குக் கணிதப் புலமை வேண்டியதில்லை. இலக்கங்களை எண்ணிப் பார்த்தாலே போதும். ஆனால் ஓரெண்ணை மீதியின்றி வகுக்கக்கூடிய எண்கள் எத்தனை என்று வினவுவோமாயின், இலக்கங்களின் நீளம் நமக்கு விடை தராது. பல இலக்கங்களைக் கொண்ட எண்ணொன்று ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் வகுபடாது நிற்கலாம். அறுபது போன்ற சிற்றெண்ணோ பன்னிரண்டு எண்களுக்கு இடங்கொடுக்கின்றது.

இவ்வினாவைத் தொடர்ந்து சென்றால் நாம் 1915ஆம் ஆண்டில் கணித மேதை சீனிவாச இராமானுஜன் வெளியிட்ட ஓர் அட்டவணையைச் சென்றடைவோம். அவ்வட்டவணையில் ஒரு வரி குறைகின்றது. அக்குறையை ஒரு பள்ளி மாணவன் தாளும் பென்சிலும் கொண்டு தானே கண்டு தெளியலாம் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு வேண்டிய விதிகளை எம்மூர் மக்கள் நன்கறிந்த எண்களிலிருந்தே பெற்றுக்கொள்வோம்.

அக்குரோணிக் கணக்கு

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலய உற்சவம் பதினெட்டு நாள்களைக் கொண்டது என்பதையும், தீமிதிப்பு அதன் சிகரமாய் அமைவதையும் இப்பகுதியில் அறியாதார் இலர். பாரதப் போர் நிகழ்ந்த நாள்கள் பதினெட்டு. வியாசபாரதத்தின் பருவங்களும் பதினெட்டே. களத்தில் எதிர்நின்ற சேனையும் பதினெட்டு அக்குரோணி. அவற்றுள் கௌரவர்க்குரியன பதினொன்று, பாண்டவர்க்குரியன ஏழு.

ஓர் அக்குரோணி என்பது 21,870 தேர்களும், 21,870 யானைகளும், 65,610 குதிரைகளும், 109,350 காலாள்களும் சேர்ந்தது என்பது பாரதம் கூறும் கணக்கு. நான்கையும் கூட்டினால் 218,700 ஆகும். இதனைப் பதினெட்டாற் பெருக்கினால் 3,936,600. அதாவது 39 இலட்சத்து 36 ஆயிரத்து 600.

இத்துணைப் பெரிய சேனையை, ஒன்றேனும் எஞ்சாவண்ணம், சம அளவினவாகிய அணிகளாக எத்தனை வகையிற் பிரிக்கலாம்? மூன்று அணிகளாகப் பிரிக்கலாம். நான்காகவும் ஐந்தாகவும் பிரிக்கலாம். ஏழாகப் பிரிக்க இயலாது. இவ்வாறு ஒவ்வோர் எண்ணாக எடுத்து வகுத்துப் பார்ப்பின் வாழ்நாள் போதாது. எனவே காரணிகளை எண்ணுதற்கு ஒரு குறுக்கு வழி வேண்டும்.

காரணிகளை எண்ணும் முறை

ஓரெண்ணை மீதியின்றி வகுக்கும் எண் அதன் காரணி எனப்படும். தன்னையும் ஒன்றையும் அன்றி வேறு காரணி இல்லாத 2, 3, 5, 7, 11, 13 முதலியன முதன்மை எண்கள். எந்த முழுவெண்ணையும் முதன்மை எண்களின் பெருக்கமாக ஒரே வகையில் எழுதலாம். 2×2×2 என்பதை 2³ எனச் சுருக்கி எழுதுகிறோம். தலைமேல் நிற்கும் 3 சுட்டி எனப்படும்.

12 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். அது 2²×3. இதன் காரணி ஒன்றை அமைக்க விரும்புவோர் 2 என்பதை ஒருமுறையும் எடாது விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம். ஆக மூன்று வழி. 3 என்பதை எடாது விடலாம், ஒருமுறை எடுக்கலாம். ஆக இரண்டு வழி. மூன்றையும் இரண்டையும் பெருக்கினால் ஆறு. 1, 2, 3, 4, 6, 12 என அக்காரணிகள் ஆறும் நம் கண்முன் நிற்கின்றன. ஆதலின் முறை இதுவே: ஒவ்வொரு சுட்டியோடும் ஒன்றைக் கூட்டி, வந்தவற்றை ஒன்றோடொன்று பெருக்குக.

இனி, பதினெட்டு அக்குரோணிக்குத் திரும்புவோம். 3,936,600 என்பது 2³×3⁹×5². சுட்டிகள் 3, 9, 2. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் 4, 10, 3. அவற்றின் பெருக்கம் 120. எனவே அச்சேனையைச் சம அணிகளாகப் பிரிக்க 120 வழிகள் உள்ளன. நாற்பது இலட்சத்தை நெருங்கும் எண்ணொன்றிற்கு இது பெருந்தொகையா, சிறுதொகையா? ஒப்பிட்டுப் பார்த்தாலன்றிச் சொல்ல முடியாது.

மூன்று விதிகள்

எமது வழிபாட்டில் 18, 108, 1008 என்னும் மூன்று எண்களும் சிறப்பிடம் பெற்றவை. நாமாவளியும் சங்காபிஷேகமும் 108 எனவும் 1008 எனவும் நடைபெறக் காண்கிறோம். இவற்றின் சிறப்பு சமயம் சார்ந்தது. அதனைக் காரணிகளால் அளத்தல் எமது கருத்தன்று. ஆயினும் இம்மூன்றையும் பகுத்துப் பார்த்தால், அவை நமக்குக் கணித விதிகளை அழகாகப் போதிக்கின்றன.

18 என்பது 2×3². காரணிகள் ஆறு. சுட்டிகளை இடம் மாற்றி 2²×3 என எழுதினால் 12 வரும். அதற்கும் காரணிகள் ஆறே. 108 என்பது 2²×3³; காரணிகள் பன்னிரண்டு. இங்கும் சுட்டிகளை மாற்றி 2³×3² ஆக்கினால் 72 வரும், அதற்கும் பன்னிரண்டு. இதிலிருந்து முதல் விதி பெறப்படும்: பெரிய முதன்மை எண்ணுக்குப் பெரிய சுட்டியும், சிறியதற்குச் சிறிய சுட்டியும் இருப்பின், அவற்றை மாற்றியமைத்து, காரணித் தொகை குறையாமலே எண்ணைச் சிறிதாக்கலாம்.

1008 என்பது 2⁴×3²×7. காரணிகள் முப்பது. இங்கு 5 என்னும் முதன்மை எண் தாண்டப்பட்டிருப்பதைக் காண்க. 7 இருந்த இடத்தில் 5 வைத்தால் 2⁴×3²×5, அதாவது 720 கிடைக்கும். அதற்கும் காரணிகள் முப்பதே. எனவே இரண்டாம் விதி: இடையில் எந்த முதன்மை எண்ணையும் தாண்டுதல் ஆகாது.

மூன்றாவதைப் பண்டமாற்று விதி என்று சொல்லலாம். 3,936,600 என்னும் எண்ணில் முதல் விதியைச் செலுத்தினால் 2⁹×3³×5², அதாவது 345,600 ஆகும். காரணிகள் அதே 120. இப்பொழுது 2⁹ என்பதை நோக்குக. அது 512 என்னும் பெரும் விலையைப் பெற்றுக்கொண்டு, காரணித் தொகையில் பத்து மடங்கையே தருகின்றது. அதற்குப் பதிலாக 2⁴×7 என வைத்தால் விலை 112. பயனோ அதே பத்து மடங்கு, ஏனெனில் ஐந்தும் இரண்டும் பெருகப் பத்து. எண் 75,600 ஆகக் குறைகின்றது. அவ்வாறே 3³×5² என்பது 675. அதன் பயன் பன்னிரண்டு மடங்கு. 3²×5×11 என்பது 495. அதற்கும் பயன் பன்னிரண்டு மடங்கே. எனவே நாம் 2⁴×3²×5×7×11 என்னும் எண்ணை அடைகிறோம். அது 55,440.

39 இலட்சத்தில் தொடங்கிய நாம், ஒரு காரணியும் இழவாது, 55 ஆயிரத்திற்கு இறங்கி வந்துவிட்டோம். 120 காரணிகளை உடைய எண்களுள் 55,440 என்பதே மிகச் சிறியது. அதற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் 120 காரணிகள் இல்லை.

இத்தகைய எண்களின் பயன்

தனக்குக் குறைந்த எல்லா எண்களையும்விட அதிக காரணிகளைக் கொண்ட எண்ணை நாம் இங்கு ‘மிகுகாரணி எண்’ என்று வழங்குவோம். தொடக்கத்திலுள்ளவை 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 என்பன. நாளை 24 மணியாகவும், மணியை 60 நிமிடமாகவும், வட்டத்தை 360 பாகையாகவும் உலகம் வகுத்துக்கொண்டதை நோக்க, பகுப்பதற்கு எளிய எண்களையே மனிதர் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர் என்பது புலனாகும். கிரேக்க ஞானி பிளேட்டோ, ‘சட்டங்கள்’ என்னும் தமது நூலில், தாம் கருதிய நகரத்திற்கு 5,040 குடிகளை விதித்தார். தன்னை ஒழிய 59 காரணிகளை அவ்வெண் உடையதென்பதும், ஒன்று முதல் பத்து வரை எல்லாவற்றாலும் அது வகுபடுமென்பதும் அவர் காட்டிய காரணங்கள். 5,040 என்பதும் ஒரு மிகுகாரணி எண்ணே.

எமக்கு அயலூராகிய மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்றது. எடுத்துக்காட்டாக, நெசவாளர் ஒருவர் 700 இழைகள் கொண்ட பாவை ஒரே அகலமான வரிகளாகப் பிரிக்க எண்ணினால், 700க்குப் பதினெட்டுக் காரணிகளே உண்டு. மூன்று வரியும் ஆகாது, ஆறு வரியும் ஆகாது. இருபது இழைகளைக் கூட்டி 720 ஆக்கிக்கொண்டால் முப்பது வழிகள் பிறக்கின்றன. இழைகள் சிறிதே கூடின. வழிகளோ பெரிதும் கூடின.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். மேற்கூறிய முதல் இரு விதிகளுக்கும் அமைந்த எண்ணெல்லாம் மிகுகாரணி எண் ஆகிவிடாது. 72 என்பது 2³×3². இரு விதிகளையும் அது மீறவில்லை. ஆயினும் 60 என்னும் சிறிய எண் 2²×3×5 ஆகி, அதே பன்னிரண்டு காரணிகளைப் பெற்று அதனை முந்திவிடுகின்றது. ஆகவே அவ்விரு விதிகளும் பதரை நீக்கும் சுளகு போன்றவை. எஞ்சிய மணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தெரியும் வேலை அதன் பின்னும் உண்டு. எண்கள் பெருகப் பெருக அவ்வேலையும் பெருகும். இதனை மனத்திற் கொண்டு இராமானுஜனிடம் செல்வோம்.

இராமானுஜனின் அட்டவணை

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையாற் கல்லூரிப் பரீட்சையிற் சித்தி எய்தவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுதுவினைஞராக அமர்ந்தார். 1913இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமே அவரை உலகறியச் செய்தது. 1914 மார்ச்சில் கப்பலேறிய அவர், அடுத்த ஆண்டிலேயே இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் மிகுகாரணி எண்களைப் பற்றிய நீண்ட ஆராய்ச்சியை வெளியிட்டார். இந்த ஆராய்ச்சிக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. கழகம் அந்நாளில் பணமுடையில் இருந்தமையால் கட்டுரை முழுவதும் அச்சேறவில்லை. எஞ்சிய பகுதி 1997இல்தான் வெளிவந்தது.

நாம் மேலே கண்ட சுட்டி விதியை அவர் அக்கட்டுரையில் நிறுவுகின்றார். 4, 36 என்னும் இரண்டும் நீங்கலாக, மிகுகாரணி எண் எதிலும் இறுதியில் நிற்கும் முதன்மை எண்ணின் சுட்டி 1 ஆகவே இருக்கும் என்பதையும் காட்டுகின்றார். அத்துடன் நூற்றுக்கு மேற்பட்ட மிகுகாரணி எண்களை வரிசைப்படுத்தி அட்டவணையொன்றும் தருகின்றார். கணிப்பொறி இல்லாத காலத்தில், கையாற் கணித்து ஆக்கிய அட்டவணை அது. அதன் இறுதி எண் 6,746,328,388,800. எழுத்தாற் கூறின், ஆறு இலட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800.

இதன் அமைப்பு 2⁶×3⁴×5²×7²×11×13×17×19×23. சுட்டிகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. இடமிருந்து வலமாக அவை எங்கும் ஏறவில்லை. இரண்டு முதல் இருபத்து மூன்று வரை எந்த முதன்மை எண்ணும் தாண்டப்படவில்லை. ஒவ்வொரு சுட்டியோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2×2. அதாவது 10,080 காரணிகள். பதின்மூன்று இலக்கம் கொண்ட இவ்வெண்ணின் காரணித் தொகையை ஒரு மாணவன் அரை நிமிடத்திற் கண்டுவிடலாம்.

விடுபட்ட வரி

அட்டவணையில் சற்று முன்னே, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எண்களை எடுப்போம்.

முதலாவது 240,940,299,600. அதன் அமைப்பு 2⁴×3⁴×5²×7×11×13×17×19×23. காரணிகள் 4,800.

இரண்டாவது 321,253,732,800. அதன் அமைப்பு 2⁶×3³×5²×7×11×13×17×19×23. காரணிகள் 5,376.

இவை அடுத்தடுத்து நிற்கின்றன என்பதன் பொருள் யாது? முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட எந்த எண்ணுக்கும் 4,800க்கு மேற்பட்ட காரணிகள் இல்லை என்பதே. இக்கூற்று சரியா?

முன் கற்ற பண்டமாற்றை முதலாம் எண்ணிற் செய்து பார்ப்போம். இறுதியில் நிற்கும் 23ஐ நீக்குவோம். அதனாற் காரணித் தொகை பாதியாகின்றது. நீக்கியதற்கு ஈடாக ஒரு 7ஐயும் இரண்டு 2களையும், அதாவது 28ஐ, சேர்ப்போம். 7இன் சுட்டி 1இலிருந்து 2 ஆகின்றது. 2இன் சுட்டி 4இலிருந்து 6 ஆகின்றது. இப்பொழுது எண்ணின் அமைப்பு 2⁶×3⁴×5²×7²×11×13×17×19. காரணித் தொகை 7×5×3×3×2×2×2×2, அதாவது 5,040. எண்ணின் அளவோ 23க்கு 28 என்ற விகிதத்திலேதான் கூடியிருக்கின்றது. பெருக்கிப் பார்த்தால் 293,318,625,600. அதாவது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600.

இவ்வெண் அவ்விரண்டிற்கும் இடையிற் கிடக்கின்றது. இதன் காரணிகள் 4,800க்கு மேற்பட்டவை. ஆகவே அட்டவணையில் அந்த இடத்தில் ஒரு வரியேனும் குறைகின்றது என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. இதற்கு இருபத்தொன்பதாயிரம் கோடி எண்களையும் நாம் சோதிக்கவில்லை. ஓரெண்ணின் காரணிகளை எண்ணியதே போதியதாயிற்று. குறையுள்ள அவ்வரி இவ்வெண்ணுக்கே உரியது என்பதும், இது மிகுகாரணி எண்களுள் ஒன்றென்பதும் இன்று கணித உலகம் அறிந்த செய்தி.

மேலும் ஒரு வியப்பு உண்டு. விடுபட்ட இவ்வெண்ணை 23ஆற் பெருக்கினால் வருவது 6,746,328,388,800. அதாவது அட்டவணையின் இறுதியில் நிற்கும் அதே எண். விடுபட்ட எண் முழுவதும் இறுதி எண்ணுக்குள்ளே பொதிந்து கிடக்கின்றது. அயலில் நிற்கும் இரண்டு எண்களும் 23 வரை செல்ல, இது மட்டும் 19இல் நின்றுவிடுகின்றது; அதற்கு ஈடாக 7இன் சுட்டியை உயர்த்திக்கொள்கின்றது. எண்கள் வளரும்போது முதன்மை எண்களின் எல்லை ஒரே சீராக ஏறிச் செல்வதில்லை, சில இடங்களில் ஓரடி பின்வாங்கியும் முன்செல்கின்றது என்பதை இவ்வெண் நமக்கு உணர்த்துகின்றது.

நாம் பெறும் பாடம்

இதனால் இராமானுஜனின் பெருமைக்கு இழுக்கு வந்ததாக எவரும் கருதற்க. அவர் கண்ட பொதுவிதிகள் யாவும் நிலைபெற்றிருக்கின்றன. அக்குறையைக் காண நாம் கையாண்ட வழியும் அவ்விதிகளின் வழியே. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் தமது முப்பத்திரண்டாம் வயதில் மறைந்த அம்மேதை விட்டுச் சென்ற குறிப்பேடுகளை உலகம் நூற்றாண்டு கடந்தும் ஆராய்ந்துகொண்டிருக்கின்றது.

ஆனால் எமது மாணவர் இதிற் கொள்ளவேண்டிய பாடம் ஒன்று உண்டு. பெரியோர் சொன்னார் என்பதற்காகவும், அச்சில் வந்தது என்பதற்காகவும் ஒரு விடையை ஏற்று மனனஞ் செய்யும் பழக்கம் எம் வகுப்பறைகளில் இன்றும் வேரூன்றி நிற்கின்றது. பரீட்சைக்கு அது உதவலாம், அறிவுக்கு உதவாது. ஆசிரியர்மேல் வைக்கும் மதிப்பும் அவர் கூற்றைச் சோதித்தலும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஒரு மேதையின் அட்டவணையைத் தன் கையாற் கணித்துப் பார்க்கும் மாணவனே அம்மேதைக்கு உண்மையான மரியாதை செய்தவன். எண்ணின் அவையில் குலமும் ஊரும் பட்டமும் கேட்கப்படுவதில்லை. கும்பகோணத்து இளைஞர் கணித்ததைப் பாண்டிருப்பு மாணவனும் மருதமுனை மாணவியும் அதே உரிமையோடு சரிபார்க்கலாம். அவ்வுரிமையை எமது கல்லூரிப் பிள்ளைகள் துணிந்து கைக்கொள்ள வேண்டும் என்பதே இம்மலர் வாயிலாக எமது வேண்டுகோள்.

பயிற்சி

1. விழா எடுக்கும் ஆண்டுகள் 25, 50, 60, 75, 100. இவற்றின் காரணித் தொகைகளைக் காண்க. (விடை: 3, 6, 12, 6, 9. மிகுகாரணி எண் வைர விழாவுக்குரிய 60 மட்டுமே.)

2. ஒரு நாளில் 1,440 நிமிடங்களும், ஒரு வாரத்தில் 10,080 நிமிடங்களும் உள்ளன. இவற்றுள் மிகுகாரணி எண் எது? (குறிப்பு: 1,440க்கு 36 காரணிகள் உண்டு. 1,260ஐயும் பகுத்துப் பார்க்க.)

3. ஓர் அக்குரோணியாகிய 218,700இன் காரணித் தொகை 10,080இன் காரணித் தொகைக்குச் சமம் எனக் காட்டுக.

4. 293,318,625,600ஐ 23ஆற் பெருக்கி, இக்கட்டுரை கூறியது மெய்தானா என்று சோதிக்க. எமது சொல்லையும் சோதியாது ஏற்றல் வேண்டா.